கழுத்தும் நாற்காலியும்: மாரி செல்வராஜ் படங்களைத் திருப்பூரிலிருந்து பார்ப்பது

திருப்பூரில் சனிக்கிழமை ராத்திரி சம்பளம். ஞாயிறு காலையில் கறி எடுப்பது, ஒரு வாரத்துத் துணி துவைப்பது. மதியச் சாப்பாடு முடிந்த பிறகு லைன் வீட்டுக்காரர்களுக்கு இரண்டு மூன்று மணிநேரம் சொந்தமாகக் கிடைக்கும். அப்படியொரு மதியம் எங்க லைனில் கடைசி வீட்டு டிவியில் பதினோரு பேர் உட்கார்ந்து ‘வாழை’ பார்த்தோம். பாதிப்பேர் தூத்துக்குடி, நெல்லைப் பக்கமிருந்து பனியன் கம்பெனிக்கு வந்தவர்கள். மீதிப்பேர் காங்கயம், பல்லடம், அவினாசிப் பக்கத்து வளவுக்காரர்கள். அதில் நான் ஒருத்தி.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்து அக்கா ஒருவர் எங்களோடு இருந்தார். பேட்லாக் டெய்லர். பையன்கள் வாழைத்தார் சுமக்கிற காட்சி வந்ததும் அவர் கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது. படம் முடிகிற வரைக்கும் அந்தக் கையை அவர் எடுக்கவில்லை. கடைசியில் நாங்க எல்லாரும் அழுதோம், அவர் அழவில்லை. அப்புறம் பாத்திரம் கழுவும்போது சொன்னார்: “தாரு தலைக்கு ஏறும்போது ஒரு நிமிசம் மூச்சு நிக்கும் பிள்ள. அத எடுத்திருக்கான்லா, அது போதும்.”

இந்தக் கட்டுரை அந்தக் ‘அது போதும்’ என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறது. எனக்கு அது போதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாரி செல்வராஜ் யார் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. புளியங்குளத்துக்காரர். இயக்குநர் ராமிடம் உதவியாளராக இருந்தவர். படம் எடுக்க வருவதற்கு முன்பே ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’ என்ற சிறுகதைத் தொகுப்பையும், ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘மறக்கவே நினைக்கிறே’னையும் எழுதியவர். 2018-ல் ‘பரியேறும் பெருமாள்’, 2021-ல் ‘கர்ணன்’, 2023-ல் ‘மாமன்னன்’, 2024-ல் ‘வாழை’, 2025-ல் ‘பைசன் காளமாடன்’ என ஐந்து படங்கள். தமிழ் சினிமாவில் தலித் வாழ்வு இதற்கு முன் வராமலில்லை. ஆனால் யாரோ ஒருவர் பரிதாபப்பட்டு எடுத்ததாக, அல்லது கதாநாயகன் வந்து காப்பாற்றுவதற்கென்று கூனி நிற்கிற கூட்டமாகத்தான் பெரும்பாலும் வந்திருக்கிறது. ரஞ்சித்துக்கும் மாரிக்கும் பிறகுதான் கேமரா வளவுக்குள்ளிருந்து வெளியே பார்க்கத் தொடங்கியது. நாயைப் பார்த்தது, கழுதையைப் பார்த்தது, பெண் பிள்ளை முகத்தில் தெய்வத்தைப் பார்த்தது. ஊர் நம்மைப் பார்க்கிற பார்வை போய், நாம் ஊரைப் பார்க்கிற பார்வை திரைக்கு வந்தது. இது சின்னக் காரியமில்லை.

எங்கள் மாவட்டத்துக்குக் கேமரா வந்த கதை வேறு. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரில், பட்டப்பகலில், சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கௌசல்யாவையும் வெட்டினார்கள். அங்கிருந்த கண்காணிப்புக் கேமராவில் அது பதிவானது. அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் காட்சி எல்லா டிவியிலும் ஓடியது, எல்லார் செல்போனிலும் வந்தது. நான் வேலை பார்த்த கம்பெனியில் டீ நேரத்தில் ஆளாளுக்குக் கையில் வைத்துப் பார்த்தார்கள். ஒருத்தன் நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். திருப்பூர் மாவட்டத்துத் தலித் ஒருவன் இத்தனை பேர் பார்க்கத் திரையில் வந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். சாகிறவனாக வந்தான். வழக்கில் அந்தப் பதிவு சாட்சியாகப் பயன்பட்டது, அதை மறுக்கவில்லை. ஆனால் நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய படம் டீக்கடைக்குப் போனதைப் பற்றி நாம் யாரும் பேசவேயில்லை.

ஆஸ்திரேலியப் பழங்குடிகள் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அவர்களில் பல சமூகங்களில் ஒருவர் இறந்துவிட்டால் துக்கக் காலம் முடிகிற வரை அவர் பெயரைச் சொல்வதில்லை, அவர் படத்தைக் காட்டுவதில்லை. அந்த மக்கள் போராடி வாங்கிய வழக்கம் ஒன்று இன்று அங்கே இருக்கிறது. பழங்குடிகளைப் பற்றிய படமோ நிகழ்ச்சியோ தொடங்கும் முன், ‘இதில் இறந்துபோனவர்களின் உருவமும் குரலும் இருக்கலாம்’ என்று எழுத்தில் எச்சரிக்கை போடுகிறார்கள். செத்தவர் படம் யாருக்குச் சொந்தம், எப்போது காட்டலாம், யார் முன்னால் காட்டலாம் என்று அந்த மக்கள் கேட்ட கேள்வி அதில் இருக்கிறது. நமக்கு அந்த எச்சரிக்கையை யாரும் போட்டதில்லை.

அந்த மண்ணிலிருந்து வந்த வார்விக் தோர்ன்டன் 2009-ல் ‘சாம்சன் அண்ட் டிலைலா’ எடுத்தார். கான் விழாவில் முதல் படத்துக்கான தங்கக் கேமரா பரிசு வாங்கிய படம். அவர் அம்மா பிரெடா கிளின், 1980-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பழங்குடிகளுக்கென்று சொந்த ஊடகச் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். மகன் அந்தச் சங்கத்தில்தான் கேமரா பிடிக்கக் கற்றார். இந்தப் படத்துக்கும் அவரே ஒளிப்பதிவு. படத்தில் பையனும் பெண்ணும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதேயில்லை என்று சொல்லலாம். மற்றவர்கள் பேசுகிற இடங்களில் வார்ல்பிரி மொழி வருகிறது. டிலைலாவும் அவள் பாட்டியும் தரையில் உட்கார்ந்து ஓவியம் போடுவார்கள். வெள்ளைக்காரன் ஒருத்தன் வந்து கொஞ்சம் காசு கொடுத்து வாங்கிப் போவான். பிறகு நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் அதே மாதிரி ஓவியத்தில் பல ஆயிரம் டாலர் என்று சீட்டுத் தொங்குவதை அவள் பார்ப்பாள். செக்கிங் டேபிளில் நின்று டாலர் விலைச் சீட்டைப் பனியன் கழுத்தில் மாட்டிய எந்தப் பெண்ணுக்கும் அந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படாது. நான் மாட்டியிருக்கிறேன். ஒரு பீஸுக்கு எனக்குக் கிடைத்தது பைசாக் கணக்கு.

தோர்ன்டன் அந்த இடத்தில் பின்னணி இசையை ஏற்றி நம்மை அழவைக்கவில்லை. அவள் பார்க்கிறாள், நாமும் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இனி ‘மாமன்னன்’. மாரியின் மற்ற நாலு படமும் தாமிரபரணித் தண்ணீர் குடித்தவை. இது ஒன்றுதான் எங்கள் பக்கம் வந்தது. சேலத்து மண், காசிபுரம் என்ற தனித்தொகுதி, அதில் எம்எல்ஏ ஆன பிறகும் ஆதிக்க சாதிக்காரன் வீட்டில் உட்கார முடியாத மாமன்னன். சாதியின் பெயரைப் படம் சொல்லவில்லை. ஆனால் கொங்குப் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பலரும் ப. தனபாலை நினைத்தார்கள். ராசிபுரத்தில் 2011-ல் ஜெயித்து, 2012-ல் அருந்ததியர் சமூகத்திலிருந்து முதல் சபாநாயகராக ஆனவர். 2016-லும் 2021-லும் எங்கள் அவினாசியில் ஜெயித்தவர். படம் முடிகிறபோது வடிவேலு சபாநாயகர் நாற்காலியில் உட்காருகிறார். தியேட்டரில் என் பக்கத்தில் இருந்த எங்க மாமா எழுந்து நின்று கை தட்டினார். அவருக்கு அறுபது வயசு. கவுண்டர் தோட்டத்தில் தரையில் குத்தவைத்தே பழகிய மனுசன். அந்தக் கைதட்டலை எந்த விமர்சனமும் சின்னதாக்க முடியாது, நானும் செய்யமாட்டேன்.

1992-ல் ‘சின்னக் கவுண்டர்’, அடுத்து ‘எஜமான்’, 1994-ல் ‘நாட்டாமை’ என்று கோபியும் பொள்ளாச்சியும் திரையில் செழித்த காலம் ஒன்று இருந்தது. துண்டு, செம்பு, தீர்ப்பு, குதிரை வண்டி. தோட்டமெல்லாம் தானாக விளைந்த மாதிரி இருக்கும். யார் அறுத்தது, யார் மாடு குளிப்பாட்டியது, தீர்ப்புச் சொன்னவர் காலில் போட்டிருந்த செருப்பை யார் தைத்தது என்று படத்தில் வராது. என் தாத்தா தைத்தார். செருப்பு மட்டுமில்லை, கவலை இறைக்கிற கிணற்றுக்குத் தோலும் அவர்தான் தைத்துக் கொடுத்தார். மோட்டார் வந்த பிறகு அந்த வேலை போய்விட்டது. சாமி, சாமி என்று கூப்பிடுவது மட்டும் போகவில்லை. அப்படிப்பட்ட திரையில், 1992-ன் ‘தேவர் மக’னில் இசக்கியாக வந்த அதே வடிவேலுவை மாமன்னனாக உட்காரவைத்தது அரசியல் காரியம். மாரியே படத்தின் பாட்டு வெளியீட்டு மேடையில், கமல் முன்னாலேயே, அந்த இசக்கி மாமன்னன் ஆனால் எப்படியிருக்கும் என்ற எண்ணத்திலிருந்து வந்த படம் இது என்ற பொருள்படப் பேசினார். அந்தத் துணிச்சலுக்கு என் வணக்கம்.

ஆனால் படம் வெளியாகி ஒரு மாசத்தில், 2023 ஜூலைக் கடைசியில் நெட்பிளிக்ஸில் வந்தபோது என்ன ஆனது? ரத்னவேலுவாக வந்த பகத் பாசிலை வெட்டியெடுத்து, தங்கள் சாதிப் பாட்டைப் பின்னால் போட்டு, ஆளாளுக்கு வீடியோ விட்டார்கள். ஒரே ஒரு சாதி என்றில்லை, பல ஆதிக்க சாதிக்காரர்களும் அவனைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டார்கள். நாயை அடித்தே கொல்கிறவன், கிணற்றில் குளித்த பிள்ளைகளைக் கல்லால் அடித்துக் கொன்ற ஊரின் பெருமைக்காக நிற்கிறவன், அவன் கதாநாயகன் ஆகிவிட்டான். நம் தோழர்கள் பலர் இதை ரசிகர்களின் கேவலம் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். கேவலம்தான், சரி. ஆனால் வெட்டியெடுக்க வசதியாக அந்த உருவம் எப்படிக் கிடைத்தது என்பதையும் கேட்க வேண்டாமா?

என் வாசிப்பு இது. அந்தப் படத்தில் ரத்னவேலுவுக்குத் தனிமை இருக்கிறது, ஆசை இருக்கிறது, தோல்வி இருக்கிறது, நாய்களோடு அவனுக்கொரு தினசரி வாழ்க்கை இருக்கிறது. மாமன்னனுக்கு என்ன இருக்கிறது? அவமானம் இருக்கிறது, பொறுமை இருக்கிறது, கடைசியில் நாற்காலி இருக்கிறது. காசிபுரத்து வளவில் ஆம்பளையும் பொம்பளையும் காலையில் எழுந்து எங்கே வேலைக்குப் போகிறார்கள்? படம் அதைக் காட்டுவதில்லை. அதிவீரன் பன்றி வளர்க்கிறான், அடிமுறை கற்றுக்கொடுக்கிறான், லீலா ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் நடத்துகிறாள். நல்லது. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் தோட்டத்துக்குப் போகிறார்களா, நகராட்சிக் குப்பை வண்டிக்குப் போகிறார்களா, மில் வண்டி ஏறிப் போகிறார்களா? எங்க வீட்டில் பாட்டி தெலுங்கு பேசுவாள். வெளியே கொங்குத் தமிழ், அடுப்படியில் தெலுங்கு. இதுதான் கொங்கு வளவுகளில் பல வீட்டின் நிலை. படத்தில் அந்த மொழியில் ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை. தோர்ன்டனின் படத்தில் வார்ல்பிரி கேட்டபோது எனக்கு வந்த பொறாமை இதனால்தான்.

தெற்கத்தித் தலித் ஒருவர் எங்களைப் பற்றி எடுக்கக்கூடாது என்று சொல்கிறேனா? இல்லை. அப்படிச் சொன்னால் ‘கூளமாதாரி’யை நான் படித்தே இருக்கக்கூடாது. 2000-ல் பெருமாள்முருகன் எழுதிய நாவல். ஆடு மேய்க்கிற எங்கள் சாதிப் பிள்ளைகளை, கவுண்டர் சமூகத்தில் பிறந்த ஒருவர் அத்தனை கிட்டத்தில் போய் எழுதினார். எம்ஏ படிக்கும்போது அதைப் படித்துவிட்டு, இது என் அப்பனின் கதை என்று அழுதேன். அடுத்த நாள் எரிச்சல் வந்தது. என் அப்பனின் கதையை எனக்குச் சொல்ல அந்த வீட்டிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்ததே என்று. அவர் மேல் எரிச்சல் இல்லை. மாரியிடம் எனக்குள்ள வழக்கு வேறு. அவர் அந்நியர் என்பதில்லை, தெரிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்பதுதான். நாற்காலி அவமானம் அவருக்குத் தெரியும், எந்த ஊர் தலித்துக்கும் அது தெரியும். அதை மட்டும் வைத்துக் கொங்கு வாழ்வைக் கட்டிவிடலாம் என்று நினைத்துவிட்டார். அவமானம் என்பது எதிராளியும் கூட இருந்து நடத்துகிற காட்சி. அதில் பாதிச் சட்டகம் அவனுக்குப் போய்விடுகிறது. அந்தப் பாதியைத்தான் அவன் வெட்டி எடுத்துக்கொண்டான்.

‘பரியேறும் பெருமா’ளிலும் இந்த ஆபத்து இருந்தது. அப்பாவை வேட்டி உருவி ரோட்டில் ஓடவிடுகிற காட்சியை நான் ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. ஆனால் அங்கே அந்த அப்பா ஒரு கூத்துக் கலைஞர், அந்த வேடத்தில் நடித்த தங்கராஜும் நிஜமாகவே கூத்தாடியவர். அந்த உடம்புக்கு ஒரு தொழில் இருந்தது, ஒரு வித்தை இருந்தது. அவமானப்படுத்துகிறவனால் அதைத் தொட முடியவில்லை. ‘கர்ண’னில் பொடியங்குளத்துக்காரர்கள் பஸ் நிற்கவேண்டும் என்று கேட்கிறார்கள். கொடியங்குளத்தில் 1995-ல் போலீஸ் புகுந்து அடித்த அடி அதற்குப் பின்னால் இருக்கிறது. படத்தில் ஆண்டை முதலில் 1997 என்று போட்டு, எந்த ஆட்சிக் காலம் என்று சர்ச்சை வந்த பிறகு தொண்ணூறுகளின் பிற்பகுதி என்று மாற்றினார்கள். நம் ரத்தத்துக்குத் தேதி போடுவதில்கூடக் கட்சிக் கணக்கு வந்து நிற்கிறது. இதையும் ஆவணப்படுத்தி வைக்கவேண்டும்.

‘வாழை’க்கு வருகிறேன். பள்ளிக்கூடத்து டீச்சர் மேல் சிவனணைந்தானுக்கு வருகிற மயக்கம் தேவைக்கு மேல் நீளுகிறது. அந்த நேரத்தில் பாதியை அக்கா வேம்புக்குக் கொடுத்திருக்கலாம். அவள் தார் சுமக்கிறாள், கனியைப் பார்த்துச் சிரிக்கிறாள், சாகிறாள். அவள் என்ன யோசித்தாள் என்பதற்குப் படத்தில் நேரமில்லை. தலித் ஆண்கள் எடுக்கிற படங்களில் தலித் பெண்ணின் வேலை இப்படி அடிக்கடி சாவதாகவே இருக்கிறது. ‘கர்ண’னிலும் ஒரு தங்கச்சி ரோட்டில் கிடந்து சாகிறாள், அதன் பிறகே தெய்வம் ஆகிறாள். தோழர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உயிரோடு இருக்கிறபோதே எங்களைக் கொஞ்சம் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆனாலும் ‘வாழை’யை யாராலும் அப்படி வெட்டி எடுத்துப்போக முடியவில்லை. காரணம் அந்த வேலைதான். சேற்றில் இறங்கி, தாரைத் தலையில் ஏற்றி, வரப்புக்கும் லாரிக்கும் நடந்து, திரும்ப வந்து, திரும்ப ஏற்றி. அதில் ஆதிக்க சாதிக்காரன் சட்டகத்திலேயே இல்லாத நிமிடங்கள் நிறைய இருக்கின்றன. அவனில்லாமலே அவன் அதிகாரம் அந்தக் கழுத்தில் இறங்குகிறது. இன்னொன்று, கூலிக் கணக்கு. தாருக்குக் கூலி கூட்டிக் கேட்டு, நின்று, ஜெயிக்கிறார்கள். கூடக் கொடுத்த காசை வேறு வழியில் பிடிக்க, ஆட்களுக்குத் தனி வண்டி இல்லை, தார் ஏற்றிய லாரி மேலேயே உட்கார்ந்து போங்கள் என்று ஆகிறது. லாரி கவிழ்கிறது. இதை விபத்து என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். மாரி அப்படி எழுதவில்லை, சாவுக்குப் பின்னால் ஒரு ரூபாயைக் காட்டுகிறார். பீஸ் ரேட்டைப் பத்துப் பைசா கூட்டிவிட்டு வேன் காசையும் டீக்காசையும் நிறுத்துகிற காண்ட்ராக்டைப் பார்த்தவர்கள் எங்க லைனில் எல்லாரும்தான். லாரி கிளம்பும்போதே டையிங்கில் வேலை பார்க்கிற தம்பி ஒருத்தன் “போச்சு” என்றான். அவனுக்குக் கதை தெரியாது, கணக்குத் தெரியும்.

கடைசியில் செத்தவர்கள் வருகிறார்கள். நான் பயந்துகொண்டே பார்த்தேன், உடுமலைப்பேட்டைக்குப் பிறகு எனக்கு இந்தப் பயம் உண்டு. வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்கள், ஊரே அலறுகிறது. ஆனால் மாரி அங்கே வேறொன்றைச் செய்கிறார். பையன் பசியில் இருக்கிறான். காலையிலிருந்து சாப்பிடவில்லை, தோட்டத்தில் ஒரு வாழைப்பழத்தைப் பிடுங்கினதுக்கு அடிபட்டு ஓடி வந்திருக்கிறான். சாவு வீட்டில் சோற்றுப் பானையைத் தேடிப் போய் அள்ளித் தின்கிறான். என் கண் செத்தவர்களை விட்டு அந்தச் சோற்றுக்குப் போய்விட்டது. செத்தவர் படத்தைக் காட்டுவதற்கு ஒரு முறை உண்டென்றால் இதுவாக இருக்கலாம். எச்சரிக்கைப் பலகைக்குப் பதிலாக ஒரு கும்பா சோறு.

அப்படியானால் கொங்கு வளவின் வேலையை யார் எடுப்பது? 2017-ல் திவ்யபாரதி ‘கக்கூஸ்’ எடுத்தார். மலம் அள்ளுகிற கையையும் அந்தக் கைக்கு வருகிற நோயையும் காட்டினார். திரையிட இடம் கொடுக்காமல் தடுத்தார்கள், அவர் மேல் வழக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகு கொங்குப் பக்கத்து அருந்ததியர் வீட்டிலிருந்து, பரவலாகப் பேசப்பட்ட கதைப்படம் எடுத்த ஒரு பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. பொருளுக்குப் பஞ்சமில்லை. அவினாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் 2018-ல் ஒரு அருந்ததியர் அம்மா சத்துணவு சமைக்கக்கூடாது என்று பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். அந்த அம்மாவைப் பேட்டியெடுக்க டிவிக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். என்ன செய்தார்கள், என்ன சொன்னார்கள், எப்படி இருந்தது என்று கேட்டார்கள். அவர் சாம்பாருக்குப் பருப்பு எப்படி வேகவைப்பார் என்று எந்தக் கேமராவும் பார்க்கவில்லை. கம்பெனியில் சாதி கேட்கமாட்டார்கள் என்று திருப்பூரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். வாஸ்தவம், வாடகைக்கு வீடு கேட்கும்போதுதான் கேட்பார்கள். அந்தக் கதை இருக்கிறது. பத்து வயசில் கைமடியாகப் போய், துணி மடித்து மடித்துக் கட்டைவிரல் தோல் உரிந்த கதை இருக்கிறது. அது என் விரல், அதனால் எனக்குத் தெரியும். நொய்யலில் சாயம் ஓடின வருசங்களில் பட்டறைத் தொட்டிக்குள் இறங்கி நின்றவர்களின் கால் கதை இருக்கிறது.

அன்று மதியம் பாத்திரம் கழுவி முடித்த பிறகு பேட்லாக் அக்கா என்னைக் கேட்டார்: “எங்க ஊர எங்க ஊருக்காரன் எடுத்துட்டான். ஒங்க ஊர ஒங்க ஊருல எவளும் எடுக்கலியா?”

“நாற்காலிப் படம் வந்துச்சே அக்கா” என்றேன்.

“அது உக்காருத படம்லா. நா கேட்டது வேல செய்யுத படம்.”

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறு நாள் கழித்து வருகிற தண்ணீர். குடங்களைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஓடினோம்.